இரண்டாம் தவணை நிறைவு: பெற்றோருக்கு பாடசாலை அதிபரின் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் தவணை நல்லபடியாக நிறைவடைகிறது. விளையாட்டுப் போட்டியிலும் தமிழ்த்தினப் போட்டியிலும் பங்கேற்ற எல்லோருக்கும் பாராட்டுகள். தேர்ச்சி அறிக்கைகள் வழமைபோல் கிடைக்கும்.

தரம் 10 மாணவர்கள் யாப்பகூவ சென்று வந்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் முதலாம் புவனேகபாகு ஆண்ட கோட்டை நகரம் அது. இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் செங்குத்தான கற்படிகளும் இடிந்த சுவர்களும்தான். படிகளின் மேலுள்ள கற்சிங்கத்தைப் பழைய பத்து ரூபாய் நோட்டில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாண்டியப் படையுடன் வந்த ஆரியச்சக்கரவர்த்தி என்ற தளபதி புத்தரின் புனித தந்தத்தை (பல்லை) எடுத்துச் சென்ற கதையைக் கேட்டதும், அங்குள்ள அருங்காட்சியகத்தை விட்டு நகரவே சிலருக்கு மனமில்லை. வகுப்பில் வாய் திறக்காதவர்கள்கூட அன்று கேள்வி கேட்டார்கள்.

திரும்பி வந்த பிறகு நடந்ததைத்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

கினிகத்தேனை வளைவுகளில் மூடுபனி இருந்ததால் பஸ் தாமதமானது. அதை நாவலப்பிட்டியிலிருந்தே வகுப்பாசிரியர் எல்லோருக்கும் தொலைபேசியில் அறிவித்துவிட்டார். இரவு ஒன்பதரைக்குப் பஸ் வந்தது. பெரும்பாலானோர் வாசலில் காத்திருந்தீர்கள். ஆனால் சில பிள்ளைகள் பதினொரு மணிவரை காவலாளியின் அறையில், அவர் ஊற்றிக் கொடுத்த வெறுந்தேநீருடன் உட்கார்ந்திருந்தார்கள். விடியற்காலையில் தேயிலை மலைக்கு வேலைக்குப் போக வேண்டியவர்களின் களைப்பு எனக்குத் தெரியும். தோட்டத்தின் மேல் டிவிஷன்களுக்கு அந்நேரத்தில் பஸ் இல்லை என்பதும் தெரியும். அதற்காகத்தான் பிள்ளையை அழைத்துச் செல்பவர்களின் பெயரைக் கேட்டு ஒரு வாரம் முன்னதாகவே படிவம் அனுப்பினோம்.

இன்னொன்று. படிவத்தில் பெயர் இல்லாத ஒருவர் முச்சக்கரவண்டியில் வந்து இரண்டு மாணவிகளை அழைத்துப்போகக் கேட்டார். மாணவிகளின் வீட்டுத் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. ஆசிரியை மறுத்ததும் அவர் கோபித்துக்கொண்டார். பின்னர் அவர் உறவினர்தான் என்று தெரிந்தது. ஆனாலும் ஆசிரியை செய்ததே சரி. இனியும் அப்படித்தான் நடக்கும். படிவத்தில் பெயர் எழுதப்பட்ட இருவரைத் தவிர வேறு எவருடனும், சொந்தக்காரராகவே இருந்தாலும், பிள்ளையை அனுப்ப மாட்டோம். அழைத்துச் செல்ல ஆளில்லை என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாமல் விடுவதை ஏற்க முடியாது.

வழி இல்லாதவர்கள் தயங்காமல் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். ஒரே டிவிஷனைச் சேர்ந்தவர்கள் ஒரு வண்டியைச் சேர்ந்து பிடிக்க ஏற்பாடு செய்யலாம். அன்றிரவு தம் பிள்ளையுடன் பக்கத்து லய வீடுகளின் பிள்ளைகளையும் வீடுவரை கொண்டுபோய் விட்ட பெற்றோருக்கு என் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
அதிபர்