ஆண்டறிக்கை 2024–25: பால்புதுமைப் பிள்ளைகளுக்கான துணைக்குழு, தாராவி

சங்கத்து உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், பொங்கல் விழா பற்றித் தலைவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார், அதனால் நான் ஒரே ஒரு வேலையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். போன வருஷம் பொதுக்குழுவில் நிறைய சலசலப்புக்குப் பிறகு ஒப்புதல் வாங்கிய வேலை: நம் பகுதிப் பள்ளிகளில் படிக்கிற பால்புதுமைப் பிள்ளைகளுக்கு, எல்ஜிபிடிக்யூ என்று சுருக்கிச் சொல்கிறார்களே அவர்களுக்கு, அதாவது பாலின அடையாளத்திலோ யாரை விரும்புகிறார்கள் என்பதிலோ பெரும்பாலானவர்களிலிருந்து வேறுபட்ட பிள்ளைகளுக்கு, துணையாக நிற்பது. "இதெல்லாம் நம்ம சங்கத்துக்குத் தேவையா" என்று அன்றைக்குக் கேட்ட அண்ணாச்சிகளும் இதை முழுசாகப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் ஒரு பையன். யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியில் எட்டாம் வகுப்பு, வருகைப் பதிவேட்டில் அவன் எண் 9. காலையில் டீச்சர் "ஒன்பது" என்று கூப்பிட்டதும் பின் வரிசையில் சிரிப்பு கிளம்பும், அவன் "உள்ளேன்" என்று சொல்வது யாருக்கும் கேட்காது. ஒன்பது என்றால் நம் ஊரில் என்ன அர்த்தத்தில் சொல்வார்கள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாயங்காலம் சந்தில் கிரிக்கெட். யாராவது பந்தைத் தூக்கி அடித்தால் மராட்டிப் பையன், பீகார் பையன், நம் பையன் எல்லோரும் சேர்ந்து "சக்கா" என்று கத்துவார்கள், கத்திக்கொண்டே இவன் பக்கம் திரும்புவார்கள். சக்கா என்றால் சிக்ஸர், இப்படிப்பட்ட பிள்ளைகளை ஏசுவதற்கும் அதே சொல்தான். இந்தியில் ஆறு, தமிழில் ஒன்பது. மும்பையில் வளர்கிற நம் பிள்ளைக்கு ஏச்சு இரண்டு மொழியில் வருகிறது, ஆறுதல் ஒரு மொழியிலும் வருவதில்லை.

அந்த வகுப்பு டீச்சர்தான் நம்மிடம் வந்தார். அவர் முதலில் கவனித்தது சிரிப்பை இல்லை, தண்ணீர் பாட்டிலை. காலையில் நிரப்பிக்கொண்டு வந்த பாட்டில் சாயங்காலம் அப்படியே நிறைந்தபடி வீட்டுக்குப் போகிறது. ஏன் குடிக்கவில்லை என்றால், குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், அங்கே போனால் கதவைத் தட்டுவார்கள், மேலே ஏறி எட்டிப் பார்ப்பார்கள். ஏப்ரல் வெயிலில் ஒரு பிள்ளை நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறது, நாம் பொதுக்குழுவில் தேவையா இல்லையா என்று பேசிக்கொண்டிருந்தோம். இதை எழுதும்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

டீச்சர் செய்தது ரொம்பச் சின்ன காரியம். பதிவேட்டில் எண்ணை விட்டுவிட்டு எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார், அவனுக்காக என்று யாருக்கும் தெரியாது. இடைவேளை மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் நோட்டுகளை ஆசிரியர் அறையில் வைத்துவிட்டு வரும் வேலையை அவனிடம் கொடுத்தார், வழியில் கழிப்பறை. இதற்குச் சுற்றறிக்கையும் வேண்டாம், நிதியும் வேண்டாம்.

அப்புறம், சொற்கள். பிள்ளைகளிடம் பேச உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, தன்னைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் ஏச்சுச் சொல்லைத் தவிர வேறு சொல்லே இல்லை. வீட்டிலும் கிடையாது, பள்ளியிலும் கிடையாது. நம் மொழியில் சொல் இல்லாமல் இல்லை. திருநங்கை, திருநம்பி (பெண்ணாகப் பிறந்து தன்னை ஆணாக உணர்பவர்), இருவரையும் சேர்த்துச் சொல்கிற திருநர், தன்பாலீர்ப்பு (தன் பாலினத்தவரையே விரும்புவது), பால்புதுமையினர் எல்லாம் புழக்கத்தில் இருக்கின்றன, கண்ணியமான சொற்களின் பட்டியல் ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழிலேயே வெளியிட்டது. நாங்கள் இந்தச் சொற்களை ஒரு பக்கத் தாளில் அச்சடித்து ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் கொடுத்தோம். ஒரு பிள்ளை அந்தத் தாளை எட்டாக மடித்து பென்சில் பெட்டிக்குள் வைத்திருந்ததைப் பார்த்தேன்.

பள்ளிகளுக்கு இரண்டிரண்டு பேராகப் போனோம். "எங்க ஸ்கூல்ல அந்த மாதிரி யாரும் இல்லைங்க" என்ற பதிலைத்தான் அதிகம் கேட்டோம். மனிதாபிமானம் பேசியபோது திறக்காத கதவு சட்டம் பேசியபோது திறந்தது, அதனால் அடுத்த வருஷம் போகிறவர்கள் இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு பிள்ளையை அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019இன் 13ஆம் பிரிவு அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளி எதுவானாலும் திருநர் பிள்ளைகளுக்கு மற்றவர்களோடு சமமாகப் படிப்பும் விளையாட்டும் தர வேண்டும் என்கிறது. கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு, பாலின அடையாளத்தையோ பாலீர்ப்பையோ வைத்துக் கேலி செய்வதும் ராகிங்தான் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016லேயே விதியில் சேர்த்துவிட்டது. ஆனால் டீச்சருக்கு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுப்பார்கள்? பள்ளிப் பாடநூல்கள் தயாரிக்கிற மத்திய அரசு அமைப்பான என்சிஇஆர்டி 2021 நவம்பரில் ஆசிரியர்களுக்காக ஒரு நல்ல கையேடு போட்டது, கழிப்பறை, சீருடை வரைக்கும் பேசியது, எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தக் கையேடு இருந்திருந்தால் நம் வேலை பாதியாகக் குறைந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது நம் தவறு. மறைக்காமல் எழுத வேண்டும் என்று செயற்குழுவில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஒரு பெண் பிள்ளை, பதினொன்றாம் வகுப்பு, தன் தோழியை விரும்புவதாக நம் குழுவில் ஒருவரிடம் மட்டும் சொன்னாள். அவர் நல்ல எண்ணத்தில், அம்மாவுக்குத் தெரிந்தால் ஆதரவாக இருப்பார் என்று நம்பி, அம்மாவிடம் சொல்லிவிட்டார். மறுநாளே போனைப் பிடுங்கிவிட்டார்கள், அந்த வாரக் கடைசியில் பிள்ளையைத் திருநெல்வேலி ரயிலில் ஏற்றிவிட்டார்கள், ஊரில் பாட்டி வீட்டில் இரண்டு மாதம், நடுவில் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சும் வந்தது. நாங்கள் மூன்று தடவை வீட்டுக்குப் போய், அழுது, மன்னிப்புக் கேட்டு, பரீட்சையாவது எழுதட்டும் என்று கெஞ்சித்தான் திரும்பக் கூட்டி வர முடிந்தது. அவள் எங்களிடம் இப்போது பேசுவதில்லை, அது அவள் உரிமை. அன்றைக்கு எழுதிய விதி இது: பிள்ளை சொன்னது பிள்ளையின் சொத்து, அதன் அனுமதி இல்லாமல் அம்மா அப்பா உட்பட யாரிடமும் போகக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால், யாராவது அத்துமீறுகிறார்கள் என்றால் மட்டும் விதிவிலக்கு, அதையும் முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும்.

பெற்றோரைக் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எட்டாம் வகுப்புப் பையனின் அம்மா, அவன் தானே சொன்ன பிறகு, சங்கத்து வாசலில் செருப்பைக் கழற்றாமலேயே நின்றுகொண்டு கேட்டார்: "அக்கா, குலசாமிக்குக் கெடா நேர்ந்திருக்கோம், டாக்டர்ட்டயும் காட்டலாம்னு அவங்க அப்பா சொல்லுதாவ. சரியாயிருவாம்லா?" நோய் என்றால்தானே சரியாக? உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1990இல். மாற்றிக் காட்டுகிறேன் என்று மருத்துவம் பார்ப்பது தொழில் ஒழுக்கக் கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. இதையெல்லாம் சொன்னேன், தலையாட்டினார், ஆனால் அவர் முகம் மாறியது வேறொன்றைச் சொன்னபோது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021இல் மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கு வந்தபோது, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இந்த விஷயம் தனக்குச் சரியாகத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு, மனநல நிபுணரோடு உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதினார். "ஜட்ஜுக்கே தெரியலயா" என்றார் அந்த அம்மா, அப்புறம்தான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். மும்பையில் 2017இல் தொடங்கிய ஸ்வீகார் என்ற, பால்புதுமைப் பிள்ளைகளுடைய பெற்றோரின் குழு இருக்கிறது, அடுத்த மாதம் அவர்களைச் சந்திக்க வருவதாக அந்த அம்மா சொல்லியிருக்கிறார். நானும் கூடப் போகிறேன்.

இந்த வருஷம் உண்மையில் பலன் கொடுத்தது நம் படிப்பகம். பத்துக்குப் பத்து வீட்டில் ஆறு பேர் இருக்கிற இடத்தில் ஒரு பிள்ளை எங்கே போய் அழும், எங்கே போய் போன் பேசும்? படிப்பகத்துக்கு என்றால் எந்த வீட்டிலும் மறுப்பு சொல்வதில்லை. சாயங்காலம் 7 மணியிலிருந்து 9 மணி வரை திறந்து வைக்கிறோம், உள் அறையில் ஒரு நாற்காலி, ஒரு போன். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அங்கிருந்து பேசலாம், சிறுவர் உதவி எண் 1098ஐயும் சுவரில் ஒட்டியிருக்கிறோம். 18 வயது தாண்டிய இளைஞர்களை, அவர்கள் விரும்பினால், பால்புதுமையினருக்காக 1994 முதல் இயங்கும் ஹம்சஃபர் அறக்கட்டளைக்குச் சாந்தாகுரூஸ் வரை கூட்டிப் போகிறோம், வயதொத்தவர்களைப் பார்ப்பது நம் பேச்சை விட நல்லது.

ஜூனில் பள்ளி திறக்கிறது. உள் அறைக்கு மின்விசிறி வேண்டும், கதவுத் தாழ்ப்பாள் சரியில்லை, வியாழனும் சனியும் உட்கார ஆள் இல்லை. வருகிறவர் நிறையப் பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டாம், வாய் திறக்காமல் ஒரு மணி நேரம் கேட்கத் தெரிந்தவராக இருந்தால் போதும். படிப்பகச் சாவி இப்போதைக்கு என்னிடம் இருக்கிறது.

செயலாளர்