அறுபது கிலோமீட்டர் கணக்கு

மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்காலைப் பற்றி எழுதியிருந்தாய். இங்கேயும் அதே கதைதான், படியேறினால் சுள்ளி ஒடிகிற சத்தம். அதனால்தான் நாலு மாதம் முன்பு மின்சார சைக்கிளுக்கு மாறினேன். நீயும் வாங்கப் போகிறாய் என்றதும் சந்தோஷம். ஆனால் "ஒரு சார்ஜுக்கு 60 கிலோமீட்டர்னு போட்டிருக்கான், போதும்ல?" என்று கேட்டிருக்கிறாய் பார், அங்கேதான் உன்னை உட்காரவைத்துப் பேச வேண்டியிருக்கிறது.

என் வண்டியிலும் 60 என்றுதான் போட்டிருந்தது. வேலைக்குப் போக 13, வர 13. இரண்டு நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும் என்று மனக்கோட்டை கட்டினேன். முதல் நாளே அசிஸ்ட்டை, அதாவது மிதிக்கும்போது மோட்டார் தரும் உதவியின் அளவை, உச்சத்தில் வைத்துப் பறந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு 2 கிலோமீட்டர் இருக்கையில், மேம்பாலத்து ஏற்றத்தில் மோட்டாரின் முனகல் நின்றது, திரை அணைந்தது. இறங்கி நின்றேன். கொஞ்ச நேரத்தில் திரை உயிர் வந்து ஒரு சார்ஜ் கட்டம் காட்டியது. ஆசையோடு ஏறி மிதித்தால் நூறடியில் மறுபடி அணைந்தது. மிச்ச தூரத்துக்கு 24 கிலோ வண்டியும் என் முழங்காலும்தான். பையன் ஒருவன் சாதா சைக்கிளில் மணியடித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனான்.

அன்று ராத்திரி பேட்டரியைக் கழற்றி, அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். 36 வோல்ட், 10 ஆம்பியர் ஹவர். பெருக்கினால் 360 வாட் ஹவர். உள்ளே இருப்பது அவ்வளவுதான். ஆயிரம் வாட் ஹவர் ஒரு யூனிட், அதில் பாதிகூட இல்லை. இதை வைத்து 60 கிலோமீட்டர் போக வேண்டுமானால் கிலோமீட்டருக்கு 6 வாட் ஹவர்தான் செலவாகலாம். ஒல்லியான ஆள், சமதரை, காற்றில்லாத நாள், அசிஸ்ட் ஒன்றில் வைத்து பெரும்பாலும் காலே உழைத்தால் நடக்கும். நான் அன்று தின்றது 15. 360-ஐ 15-ஆல் வகுத்துப் பார், 24. மேம்பாலம் வந்த இடம் அதேதான்!

திரையில் வரும் கட்டங்களையும் ரொம்ப நம்பாதே. என் வண்டியில் அவை காட்டுவது மிச்சமிருக்கும் மின்சாரத்தை அல்ல, வோல்டேஜை. ஏற்றத்தில் மோட்டார் கரண்டை இழுக்கும்போது வோல்டேஜ் அமுங்கும், நின்றால் ஏறிக்கொள்ளும். செத்துப் பிழைத்துச் செத்த கதை அதுதான். நிறுத்தி ஒரு நிமிஷம் விட்டுப் பார்த்தால் ஓரளவு உண்மை தெரியும். நடுக்கட்டங்கள் நிதானமாகப் போகும், கடைசிக் கட்டம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

இப்போது அசிஸ்ட் இரண்டுக்கு மேல் வைப்பதில்லை. வேகமும் 25-லிருந்து 20 ஆக்கினேன். காற்றைக் கிழிக்க ஆகிற செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிலேயே மிச்சம். ஒரு நடைக்கு எட்டு நிமிஷம் கூடுகிறது, குடி முழுகிப் போகவில்லை. சிக்னலில் கிளம்பும்போது கியரைக் குறைத்து நானே இரண்டு மிதி மிதிக்கிறேன். டயருக்கு வாரம் ஒரு தடவை காற்று. இத்தனைக்குப் பிறகு கிலோமீட்டருக்கு 9 ஆகிறது, 40 கிலோமீட்டர் வருகிறது. எதிர்காற்று வீசினால் அதிலும் துண்டு விழும்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். போக வர 36 கிலோமீட்டர் என்கிறாய், நடுவில் 80 மீட்டர் உயர மேடு வேறு. கோபித்துக்கொள்ளாதே, நீயும் வண்டியுமாகச் சேர்ந்தால் 120 கிலோ. அந்த மேட்டை மோட்டாரே ஏற்றினால் ஒரு தடவைக்கு 35 வாட் ஹவர் போகும், சமதரையில் 3 கிலோமீட்டர் ஓட ஆகிற செலவு அது. இறங்கும்போது அது திரும்பி வராது. இறக்கத்தில் சார்ஜ் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதே, பெரும்பாலான சைக்கிள் மோட்டார்களில் அந்த வசதியே கிடையாது. உன் கால் சும்மா இருக்கிற ரகம், அதனால் கிலோமீட்டருக்கு 12 என்று வைத்தால் 432, போக ஒரு தடவை, வர ஒரு தடவை மேடேறுவதற்கு 70 சேர்த்தால் 500-ஐத் தாண்டுகிறது. 36 வோல்ட் 14 ஆம்பியர் ஹவர், அதாவது 504, புதுசில் மட்டுமட்டாகச் சமாளிக்கும். ஆனால் பேட்டரிக்கும் வயசாகும். சில நூறு சார்ஜுக்கப்புறம் ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்திருக்கும். 504-க்கு மேல் கொள்ளளவு கிடைத்தால் வாங்கு. இல்லையென்றால் வேலையிடத்தில் சார்ஜ் போட இடம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடு. இருந்தால் சின்ன பேட்டரியே போதும், வண்டியும் கனக்காது, என் ஓட்டு அதற்குத்தான்.

ஒரு மாதம் ஊரில் இல்லையென்றால் பாதி சார்ஜில் வைத்துவிட்டுப் போ. முழுசாக ஏற்றியும் வைக்காதே, காலியாகவும் விடாதே.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் பேட்டரி சீட்டைப் படமெடுத்து அனுப்பு. நான் பெருக்கிச் சொல்கிறேன், உன் பெருக்கலைப் பத்தாம் வகுப்பிலேயே பார்த்தாயிற்று.

உன்
பழைய பெஞ்சுக்காரன்