ஏரிக்கரைக்கு எட்டுப் படம்

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. உனக்கு ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் பொறுப்பு வந்ததில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, ஏரி முக்கால்வாசி நிரம்பிவிட்டது. போனில் படம் எடுத்துப் பிள்ளைகளைக் கதை சொல்ல வைப்பது எப்படி என்று கேட்டிருந்தாய். உங்கள் ஊரிலும் ஏரி இருப்பதால் அதையே வைத்து எழுதுகிறேன். 'நம் ஏரித் தண்ணீர் எங்கே போகிறது' என்ற ஒரே கேள்வி போதும். தமிழ், சமூக அறிவியல், அறிவியல் மூன்றும் அதற்குள் வந்துவிடும்.

எந்த ஆப், எந்த சாப்ட்வேர் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு ஏ4 தாளை எடுத்து மூன்று முறை பாதி பாதியாக மடித்துப் பிரி. எட்டுக் கட்டம் கிடைக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் மேல்பாதியில் பென்சிலால் படம், கீழ்பாதியில் சொல்லப்போகும் ஒரு வரி. ஏரிக்குப் போகும் முன்பே இந்தத் தாள் முடிந்திருக்க வேண்டும். தாள் இல்லாமல் போனால் ஆளுக்கு அறுபது படம் எடுத்து வருவார்கள், அதில் ஐம்பது செல்ஃபியாக இருக்கும். அவற்றைப் பார்த்து முடிப்பதற்குள் உன் பாடவேளை போய்விடும். குழுவுக்கு எட்டுப் படம்தான், ஒரு காட்சிக்கு மூன்று தடவைக்கு மேல் கிளிக் கிடையாது என்று கறாராகச் சொல்லிவிடு. எதை விடுவது என்று அவர்கள் தங்களுக்குள் வாதாடும் அந்தப் பத்து நிமிஷம்தான் இதில் உண்மையான பாடம்.

குழுவுக்கு ஐந்து பேர், ஒரு போன். பிள்ளைகள் போன் கொண்டுவரக் கூடாது என்பதால் ஆசிரியர்களுடைய போன் நான்கைந்து திரட்டு. ஒருவர் எடுக்க, ஒருவர் தாளைப் பார்த்துச் சொல்ல, ஒருவர் கேள்வி கேட்க, ஒருவர் குறிப்பெழுத, ஐந்தாமவர் காலடியைப் பார்த்துக்கொள்ளட்டும். கரை ஈரமாக இருக்கும்போது இந்த ஐந்தாவது வேலையை விட்டுவிடாதே. மதகுக்குப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் நின்றே ஆக வேண்டும்.

படம் கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று காரணங்களால்தான். ஒன்று, லென்ஸில் விரல் எண்ணெய். படம் முழுக்கப் பனி படர்ந்த மாதிரி வரும். எடுக்கும் முன் பருத்தித் துணியால் துடைக்கச் சொல். இரண்டு, வெயிலுக்கு எதிரே நின்று எடுப்பது. வானம் வெளுத்து, ஆள் முகம் கறுத்துவிடும். ஆளைக் கால்வட்டம் திருப்பி வெளிச்சம் பக்கவாட்டில் விழச் செய். திரையில் முகத்தின் மேல் விரலால் தொட்டால் வெளிச்சமும் முகத்துக்குத் தக்கபடி மாறும். மூன்று, இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்குவது. அப்போது படம் புள்ளி புள்ளியாகிவிடும். இழுப்பதற்குப் பதில் நான்கு அடி முன்னால் நடக்கட்டும். போனைக் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் புரொஜெக்டரில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும்.

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலிங்கில் வரிசையாக நட்டிருக்கும் கற்களைப் பார்த்திருப்பாய். அந்தக் கற்களுக்கு நடுவே மண்ணோ பலகையோ வைத்து அடைத்து, அதிகமாகக் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து எடுத்தால் அது வெறும் கல்வரிசைதான். ஒரு கல்லின் முன் மண்டியிட்டு, நீர் நின்ற கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரியும்படி எடுக்கச் சொல். அளவு புரிவதற்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையின் கை இருக்கட்டும். தண்ணீர் வழியும் நாளில் கலிங்கின் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது.

பிறகு வாசகம். எல்லாப் பிள்ளைகளும் முதலில் 'இது மதகு', 'இது ஏரிக்கரை' என்றுதான் எழுதுவார்கள். படம் சொன்னதையே வாயும் திரும்பச் சொன்னால் கேட்பவருக்குச் சலித்துவிடும். 'படத்தில் தெரியாதது என்ன?' என்று மட்டும் கேள். மதகு படத்துக்குக் கீழே, 'துரு ஏறிய இந்தத் திருகை இப்போது மூன்று பேர் சேர்ந்தால்தான் அசைக்க முடியும்' என்று வந்தால் போதும், கதை நகர ஆரம்பித்துவிடும். அந்த விவரத்தை, மதகைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடும் நீர்க்கட்டியிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். அவரிடம் 'ஆமாம், இல்லை' என்று பதில் வரும் கேள்வி வேண்டாம். 'எந்த வயலுக்கு முதலில் விடுவீர்கள், ஏன்?' என்று கேட்கட்டும்.

அமெரிக்காவில் பெர்க்லி நகரில் ஜோ லாம்பர்ட் முதலானோர் வளர்த்த, படமும் குரலும் சேர்த்துக் கதை சொல்லும் முறையில் இரண்டு மூன்று நிமிடக் கதைக்கு 250 முதல் 300 ஆங்கிலச் சொல் வைப்பார்கள். தமிழுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. நம் சொற்கள் நீளம். நிதானமாகப் படித்தால் பிள்ளைகளுக்கு நிமிடத்துக்கு 80 சொல் வந்தாலே பெரிது. ஆகவே இரண்டு நிமிடத்துக்கு 160 சொல், படத்துக்கு 20 சொல். இதைத் தாண்டினால் மூச்சு விடாமல் ஓடுவார்கள்.

குரல் பதிவுக்கு நூலக அறை நல்லது, புத்தகங்கள் எதிரொலியை வாங்கிக்கொள்ளும். மின்விசிறியை நிறுத்து, போனை விமானப் பயன்முறையில் போடு. போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று மோதி 'டப்' என்று கேட்கும். முதல் ஐந்து விநாடி யாரும் பேசக் கூடாது. அந்த வெற்று இரைச்சலை மாதிரியாகக் காட்டினால், ஒலியைத் திருத்தும் ஆடாசிட்டி என்ற சாப்ட்வேர் பின்னணிச் சத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும். எட்டு வாசகத்தையும் எட்டுத் தனிக் கோப்பாகப் பதிவு செய். ஒன்றில் தடுமாறினால் அதை மட்டும் திரும்ப எடுத்தால் போதும்.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, சுருக்கிவிடும். கேபிள் போட்டு எடு. இல்லையென்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பு. கணினியில் ஏற்றியதும் 01, 02 என்று பெயர் மாற்றிவிடு, இல்லாவிட்டால் ஐந்து குழுவின் படமும் கலந்துவிடும். படத்தையும் குரலையும் வீடியோவாகக் கோக்க ஓபன்ஷாட்டோ ஷாட்கட்டோ போதும், இரண்டும் இலவச சாப்ட்வேர். தமிழ்த் தலைப்பை அதற்குள்ளேயே தட்டினால் சிலவற்றில் கொம்பும் காலும் இடம் மாறிப்போகும். லிப்ரே ஆபிஸில் தட்டி, படமாகச் சேமித்துச் செருகிவிடு. பள்ளியின் கணினி அறையான ஹைடெக் லேப் கிடைக்காத வாரத்தில் வீடியோவே வேண்டாம். படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்ட, பிள்ளைகள் எதிரே நின்று நேரில் வாசிக்கட்டும். எனக்கு என்னவோ அதுதான் பிடித்திருக்கிறது.

யார் வீட்டிலாவது பழைய ஏரிப் படம் கிடைத்தால் அதை வாங்கி வரச் சொல்லாதே, தொலைந்தால் பெரிய வருத்தம். அங்கேயே வாசல் வெளிச்சத்தில் தரையில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், போனை அதற்கு நேர் மேலே சமமாகப் பிடித்து எடுத்தால் பளபளப்பு விழாது.

அனுமதி விஷயத்தில் அசட்டை வேண்டாம். பெற்றோரிடம் எழுத்தில் வாங்கு. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள்தான். நீர்க்கட்டியிடமும் கேட்டுவிட்டே எடுக்கட்டும். கேமராவில் இடக்குறிப்பை அணைத்து வை. பிள்ளைகள் முகம் தெரியும் படத்தை யாரும் ஸ்டேட்டஸில் போடக் கூடாது. வேலை முடிந்ததும் ஆசிரியர்கள் போனிலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும்.

எல்லாம் சேர்த்து ஆறு பாடவேளை ஆகும்: தாளுக்கு ஒன்று, ஏரிக்கு இரண்டு, வாசகத்துக்கு ஒன்று, பதிவுக்கும் கோப்பதற்கும் இரண்டு. மதிப்பெண்ணில் பாதியை வாசகத்துக்கே கொடு. படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

முதல் காட்சிக்கு அந்த நீர்க்கட்டியை அழைத்து முன்வரிசையில் உட்கார வை. தப்பாகச் சொன்ன இடத்தை அவர் அங்கேயே திருத்துவார். அந்தத் திருத்தத்தைப் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும், பிறகு ஒன்பதாவதாக ஒரு படம் சேர்க்க அது உதவும்.

எட்டுக் கட்டத் தாள் ஒன்றை இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன். உங்கள் ஏரியில் எத்தனை மதகு என்று பதிலில் எழுது.

அன்புடன்,
மல்லிகா