ஒரே அணிதான் ஜெயிக்கிறதா?

ஹார்ட்ஃபோர்ட்

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. உன் மகள் கல்லூரி அணியில் சேர்ந்துவிட்டாள் என்ற வரியை மட்டும் மூன்று தடவை படித்தேன்.

அப்புறம், உன் வீட்டுக்காரர் கேட்டாரே, "அமெரிக்காவில் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரே அணிதானே ஜெயிக்கிறது, போட்டி எங்கே?" என்று. அவர் சொல்லும் அந்த அணி எங்கள் கனெக்டிகட் பல்கலைக்கழக அணி. சில ஆட்டங்களை எங்கள் ஊரிலேயே ஆடுவார்கள். அதனால் இதைச் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை.

ஆண்கள் பக்கம் யூசிஎல்ஏ, அதாவது லாஸ் ஏஞ்சல்ஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணி, 1971 முதல் 1974 வரை தொடர்ந்து 88 ஆட்டங்களை ஜெயித்தது. அவர்கள் கோச் ஜான் வூடன் 12 வருடங்களில் 10 தேசியக் கோப்பை வாங்கினார். இன்றும் அதைச் சரித்திரச் சாதனை என்றுதான் சொல்கிறார்கள். ஆண்கள் ஆட்டத்தில் போட்டியே இல்லை என்று ஒருவரும் சொன்னதில்லை. 2010-ல் கனெக்டிகட் பெண்கள் அந்த 88-ஐத் தாண்டினார்கள். பிறகு 2014-ல் தொடங்கி 111 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தார்கள். உடனே எதிரணியெல்லாம் சோப்ளாங்கி என்று பேச்சு. இது எந்த ஊர் நியாயம்?

இப்படித் தொடர்ந்து ஜெயிக்க ஒரு காரணம் இருக்கிறது. ஆண்களில் நல்ல ஆட்டக்காரன் பள்ளி முடித்து ஒரு வருடம் ஆனதும் ஆண்களின் தொழில்முறை லீகான என்பிஏவுக்குப் போய்விடலாம். 19 வயது ஆகியிருந்தால் போதும். பெண்களின் தொழில்முறை லீகில் அமெரிக்கப் பெண்கள் சேர 22 வயது ஆக வேண்டும், இல்லை படிப்பு முடிய வேண்டும். அதனால் நாலு வருடமும் ஒன்றாக ஆடுகிறார்கள், திரும்பிப் பார்க்காமலே பந்தைப் போடும் அளவுக்கு ஒருத்தியை ஒருத்திக்குத் தெரியும். வூடன் காலத்தில் ஆண்களும் பெரும்பாலும் பட்டம் வாங்கும்வரை இருந்தவர்கள்தான்.

அந்த 111 எப்படி முடிந்தது தெரியுமா? 2017 மார்ச் 31, டல்லாஸ், தேசியக் கோப்பைப் போட்டியின் அரையிறுதி. எதிரே மிசிசிப்பி ஸ்டேட். முந்தின வருடம் இதே கனெக்டிகட்டிடம் 98-38 என்று, 60 புள்ளி வித்தியாசத்தில் உதை வாங்கிய அணி. ஆட்டம் சமனில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனது. அதற்குச் சற்று முன்தான் மார்கன் வில்லியம் கடைசி நொடியில் எறிந்த பந்தைக் கேபி வில்லியம்ஸ் தட்டிவிட்டிருந்தாள். மார்கன் ஐந்தடி ஐந்தங்குலம், கேபி அவளைவிட அரையடி உயரம். கூடுதல் நேரத்திலும் கடைசிப் பந்து அதே குட்டைப்பெண் கையில், எதிரே அதே கேபி. வலது பக்கம் ஓடினாள், சடாரென்று நின்றாள், எழும்பி எறிந்தாள். பந்து காற்றில் இருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது. 66-64. ஒரே வருடத்தில் 60 புள்ளிப் பள்ளத்தை மூடிய அணி அது, கலா. போட்டி இல்லாத இடத்தில் இது நடக்குமா?

ஆண்கள் பக்கம் அதிர்ச்சித் தோல்விகள் அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேசியக் கோப்பையில் ஆண்கள் எல்லோரும் யாருக்கும் சொந்தமில்லாத பொது ஊரில் ஆடுகிறார்கள், பெண்களில் முதல் 16 அணிகளுக்கு முதல் இரண்டு சுற்றும் சொந்த மைதானத்தில். அப்படி இருந்தும் 1998-ல் ஹார்வர்ட், 16-ஆம் வரிசை, அதாவது தன் பிரிவிலேயே கடைசி அணி, ஸ்டான்ஃபோர்டின் சொந்தக் கோர்ட்டுக்கே போய், அந்தப் பிரிவில் முதல் வரிசையில் இருந்த அவர்களை 71-67 என்று தோற்கடித்தது. ஸ்டான்ஃபோர்டில் இரண்டு முக்கியமான பெண்கள் காயத்தில் இருந்தது உண்மைதான். ஆண்களில் ஒரு 16-ஆம் வரிசை அணி அப்படி ஜெயிக்க இன்னும் 20 வருடம் ஆனது.

வசதியிலும் பாகுபாடுதான். 2021 தேசியக் கோப்பையின்போது ஆண்களுக்கு இண்டியானாபொலிஸில் பெரிய உடற்பயிற்சிக் கூடம், பெண்களுக்கு சான் அன்டோனியோவில் ஒரு சின்ன டம்பெல் அடுக்கு. ஓர் ஆட்டக்காரி வீடியோ எடுத்துப் போட்ட பிறகுதான் ஏற்பாடு செய்தார்கள். அதைப் பார்த்தபோது நம் காலேஜ் கோர்ட் ஞாபகம் வந்துவிட்டது. பையன்கள் ஆடி முடித்து, இருட்டின பிறகு நமக்கு அரை மணி. காற்று போன அந்த ஒரே பந்து, அதுவும் ஆண்கள் பந்து, என் கைக்குள் அடங்கவே அடங்காது. நீ மட்டும் எப்படியோ ஒற்றைக் கையில் பிடித்துவிடுவாய்.

2024 பெண்கள் இறுதி ஆட்டத்தை டிவியில் சராசரியாக 1 கோடியே 89 லட்சம் பேர் பார்த்தார்கள், ஆண்கள் இறுதியை 1 கோடியே 48 லட்சம் பேர். பெண்கள் ஆட்டம் எல்லோருக்கும் வரும் சேனலில் வந்தது, அதுவும் ஒரு காரணம். அந்த இறுதியில் ஆடிய நட்சத்திர ஆட்டக்காரி கெய்ட்லின் கிளார்க் கல்லூரியை விட்டுப் போன பிறகு, 2025-ல் எண்ணிக்கை மறுபடி ஆண்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. அதனால் இதை வைத்து நான் சண்டைக்கு வரவில்லை. 111-ஐயும் 88-ஐயும் ஒரே தராசில் வைக்கச் சொல், அது போதும்.

பொங்கலுக்கு இங்கிருந்து ஒரு தோழி ஊருக்கு வருகிறாள். உன் மகளுக்கு ஆறாம் நம்பர் பந்து ஒன்று கொடுத்தனுப்புகிறேன், பெண்கள் ஆடுகிற அளவு. காற்றை இறக்கித்தான் பெட்டியில் வைப்பேன், ஊசியும் கூடவே இருக்கும். அவள் எந்த இடத்தில் ஆடுகிறாள் என்று நீ எழுதவே இல்லையே?

அன்புடன்,
வசந்தி