‘இங்கே வேண்டாம்’ என்று சொன்னவர்களுக்கும் சேர்த்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

குடிநோய்க்குச் சிகிச்சை தேடி அலையும் குடும்பங்களுக்கு நாங்கள் கொடுத்துவரும் இரண்டு பக்கக் கைத்தாளைத் திருத்தி மறுபடியும் அச்சடித்திருக்கிறோம். அதில் எங்கள் கைச்சரக்கு கொஞ்சம்தான். வரிக்கு வரி யாரோ ஒருவர் சொல்லித் தந்தது. பெயர் போட வேண்டாம் என்று பெரும்பாலோர் கேட்டுக்கொண்டதால், செய்த உதவியைச் சொல்லியே நன்றி சொல்கிறோம்.

முதல் நன்றி அரசு மருத்துவமனை மனநலப் பிரிவின் வார்டு சிஸ்டர்களுக்கு. “எந்த சென்டர் நல்லது?” என்றுதான் எல்லாக் குடும்பமும் கேட்கும். “முதல் நாலு ராத்திரி ஆளை யார் பார்த்துப்பாங்கன்னு கேளுங்க” என்று அந்தக் கேள்வியையே மாற்றிக் கொடுத்தவர்கள் இவர்கள். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல் தொடங்கிவிடும். வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். ‘அப்பாடா, தெளிஞ்சிட்டார்’ என்று வீட்டார் நினைக்கிற மூன்றாம், நான்காம் நாளில்தான் பிதற்றல் வரும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், காய்ச்சலும் படபடப்பும் ஏறும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகலாம். ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் ஏன் ஆபத்து என்பது இப்போது புரியும்.

கண்ணுக்குத் தெரியாத நடுக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரு சிஸ்டர் செய்துகாட்டிய முறையையும் கைத்தாளில் சேர்த்திருக்கிறோம். நோயாளியின் இரண்டு கைகளையும் விரல்களை விரித்து முன்னால் நீட்டச் சொன்னார். தன் விரல் நுனிகளை அவருடைய விரல் நுனிகளில் லேசாகத் தொட்டுக்கொண்டு நின்றார். பார்வைக்கு அசையாமல் இருக்கும் விரல், தொட்டால் வைப்ரேஷனில் போட்ட போன் மாதிரி அதிரும். அந்த அதிர்வு இருக்கும்வரை நோயாளியைத் தனியாகப் படுக்கவிடக் கூடாது என்றார்.

அவசரப் பிரிவில் இருக்கும் மருத்துவர் தம்பிக்கும் நன்றி. ஓ.பி. சீட்டு போடுவதற்கு முன்பே வீட்டார் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரவேண்டியவற்றை அவர்தான் வரிசைப்படுத்தித் தந்தார். கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, ஒரு நாளைக்கு எவ்வளவு, முன்பு எப்போதாவது வலிப்பு வந்ததா, மஞ்சள்காமாலை உண்டா, ரத்த வாந்தி எடுத்ததுண்டா, சர்க்கரை, பிரஷர், தூக்க மாத்திரை என்று வேறு என்னென்ன சாப்பிடுகிறார். “கொஞ்சமாத்தான் குடிப்பார்” என்று மாமியாரும் “எப்பவும் குடிதான்” என்று மனைவியும் சொன்னால் மருத்துவருக்கு அதில் கணக்கு கிடைக்காது. 42.8 சதவீத டாஸ்மாக் பிராந்தியில் ஒரு குவாட்டர், அதாவது 180 மி.லி., ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால். எட்டு சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டிலில் சுமார் 40 கிராம். ‘பீர்தானே’ என்று விட்டுவிடாமல் அதையும் எழுத வேண்டும். குடியிலிருந்து இறக்கக் கொடுக்கும் குளோர்டயசெபாக்சைடு, லோராசெபம் போன்ற மாத்திரைகளின் அளவைத் தீர்மானிக்க இந்தக் கணக்கு உதவும். ஈரல் கெட்டவருக்கு மாத்திரையே மாறும். ஆகவே இதை வீட்டில் கைவைத்தியமாகச் செய்துபார்க்கக் கூடாது.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாவுக்கு ஒரு தனி வணக்கம். நடுங்கிக்கொண்டு வருபவருக்கு “ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க” என்று கேட்பது நம் ஊர் வழக்கம். நெடுநாள் குடித்தவர் உடம்பில் தயமின் என்னும் பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருக்கும் தயமினும் செலவழிந்து மூளை பாதிக்கப்படலாம். குழப்பம், நடை தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு இவைதான் அதன் அடையாளங்கள். போதையில் தள்ளாடுகிறார் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். கவனிக்காமல் விட்டால் ஞாபகசக்தி நிரந்தரமாகப் போகலாம். தயமின் ஊசி முதலில், குளுக்கோஸ் பிறகு என்பதைத் தம் மருந்தறைச் சுவரில் எழுதியே ஒட்டிவைத்திருக்கிறார்.

குடியை விடக் கயிறு கட்டிவிடும் பூசாரி ஐயாவுக்கும் கடன்பட்டிருக்கிறோம். கயிறு கட்டுவதையோ மாலை போடுவதையோ நாங்கள் குறை சொல்ல மாட்டோம். பலருக்கு அது உண்மையிலேயே கைகொடுக்கிறது. சிக்கல், காலையில் கண் விழித்ததும் கட்டிங் தேடுகிறவர் அன்றைக்கே மொத்தமாக நிறுத்துவதில்தான். இரண்டாம் நாள் வலிப்பு வந்தால் சாமி குத்தம் என்று பேச்சு கிளம்பிவிடும். ஐயா இப்போது, “தினமும் குடிக்கிறியா, விட்டுவிட்டா?” என்று கேட்கிறார். தினமும் என்றால், “முதல்ல ஆஸ்பத்திரி. மாத்திரை முடிச்சிட்டு வா, கட்டுறேன்” என்கிறார்.

மருந்துக்கடை அண்ணாச்சி செய்த காரியம் அவருக்கே நஷ்டம். ‘குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள்’ என்று விளம்பரம் செய்யும் பொடிகளை அவர் விற்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதபடி செய்யும் டைசல்ஃபிரம் என்ற மருந்து அதில் இருந்து, அது தெரியாமல் ஒருவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி, நெஞ்சே நின்றுபோகவும் கூடும். மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும் இந்த ஆபத்து உண்டு. மருத்துவர்கள் அதைத் தருவதே நோயாளி முழுச் சம்மதத்துடன் கேட்டால்தான், கடைசியாகக் குடித்துக் குறைந்தது 12 மணி நேரம் கழிந்த பிறகுதான். குடி ஏக்கத்தைக் குறைக்கும் அகாம்ப்ரோசேட் கதை வேறு. 333 மி.கி. மாத்திரை, வேளைக்கு இரண்டு வீதம் மூன்று வேளை என்பது வழக்கமான அளவு. ‘நாளைக்கு ஆறு மாத்திரையா!’ என்று பயந்து வீட்டாரே பாதியாகக் குறைத்துவிடுகிறார்கள். அண்ணாச்சி ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்து விளக்குகிறார்.

சட்ட விஷயம் முழுக்க வழக்கறிஞர் அக்கா போட்ட பிச்சை. போதை மீட்பு மையமும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பது தவறே இல்லை. நோயாளிகளின் புகாரைக் கேட்கும் மனநல மறுஆய்வு வாரியத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும் என்பதும் சட்டம். சங்கிலியால் கட்டுவது எந்த வகையிலும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரை இந்த மாநிலம் மறந்துவிடக் கூடாது. தானாக வந்து சேர்ந்தவர் போகிறேன் என்றால் அனுப்ப வேண்டும். பரிசோதிப்பதற்காக 24 மணி நேரம் வரை நிறுத்திவைக்கலாம், அவ்வளவுதான். அவர் சம்மதமில்லாமல் சேர்க்க வேண்டிய நிலை வந்தால் ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியாகப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போதும் முதல் தடவை 30 நாள்தான் உச்சவரம்பு. ‘மூணு மாசம் பார்க்க வரக்கூடாது, ராத்திரி வேன் அனுப்பித் தூக்கிட்டு வந்துடுறோம்’ என்கிற இடத்தின் எண்ணை எங்கள் கைத்தாளில் தேட வேண்டாம். எவ்வளவு மலிவாக இருந்தாலும் இருக்காது.

மையங்களின் ஆலோசகர்களில் நாங்கள் அதிகம் நன்றி சொல்ல வேண்டியது, எங்களை மறுத்தவர்களுக்குத்தான். “எங்ககிட்ட ராத்திரி டாக்டர் கிடையாது. வயிறு வீங்கியிருக்குன்னு சொல்றீங்க, இங்கே வேண்டாம். மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோங்க, தேறின பிறகு கூப்பிடுங்க” என்று போனிலேயே சொன்ன ஒரு ஆலோசகரால் ஒரு குடும்பத்துக்குப் பணமும் மிச்சம், ஆளும் மிச்சம். குடிநோய்க்கும் வலி மாத்திரைப் பழக்கத்துக்கும் கஞ்சாவுக்கும் ஒரே மருந்துப் பொட்டலம், ஈரல் கெட்டவருக்கும் பத்தொன்பது வயதுப் பையனுக்கும் ஒரே ஹால், யார் வந்தாலும் ‘உடனே சேர்த்துடலாம்’ என்கிற இடத்தைவிட, யாரைச் சேர்க்க மாட்டோம் என்று தெளிவாகச் சொல்கிற இடத்தை நம்பலாம். பெண்களைச் சேர்க்கும் மையங்கள் குறைவு. ‘பெண்களுக்கு இங்கே வசதி இல்லை’ என்று ஒளிக்காமல் சொல்வதும் ஓர் உதவியே.

சேர்க்கும் முன் பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகக் கேட்கச் சொன்னவர்கள் இவர்கள்தான். ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் கட்டணத்தில் சேர்த்தியா, நடுவில் பெரிய மருத்துவமனைக்கு மாற்றினால் அந்தச் செலவு யாருடையது, மீதி நாளின் பணம் திரும்பி வருமா? மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று நம்பிப் போகாதீர்கள். குடி, போதைச் சிகிச்சை பெரும்பாலான பாலிசிகளில் விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். கையில் காசில்லாதவர்களுக்கு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, 2025இல் தொடங்கிய ‘கலங்கரை’ மையங்கள், மத்திய அரசின் உதவியில் நடக்கும் மறுவாழ்வு மையங்கள் என்று வழிகள் இருக்கின்றன. கட்டணமில்லாத எண் 14446இல் அருகிலுள்ள மையத்தைக் கேட்கலாம். மனநல ஆலோசனைக்கு 14416, தமிழிலேயே பேசலாம். வலிப்புக்கு 108 மட்டும்.

குடும்பத்தாரையும் சிகிச்சைக்குள் கொண்டுவர வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டில் நிலைநாட்டியவர்களில் முக்கியமானவர் சாந்தி ரங்கநாதன் அம்மையார். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தபின் 1980இல் சென்னையில் அவர் தொடங்கிய மருத்துவமனை இதில் முன்னோடி. கைத்தாளின் இரண்டாம் பக்கத்தைக் குடும்பத்தாருக்கென்றே ஒதுக்கியதற்கு அந்த வழிதான் காரணம். குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்து அண்ணன்களுக்கும், குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் அக்காமார்களுக்கும் தனியாக நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், இருந்தாலும் சொல்கிறோம். கட்டணம் கிடையாது, ஊர் பேர் கேட்பது கிடையாது. டிஸ்சார்ஜ் ஆகும் அன்றைக்கே மாலைக் கூட்டத்துக்கு அழைத்துப் போக ஆள் அனுப்பியவர்கள் அவர்கள். வார்டிலிருந்து வந்து முதல் சில வாரங்கள்தான் வழுக்கல், அதாவது மறுபடி குடியில் விழுவது, அதிகம்.

சிகிச்சை முடித்து வந்தவருக்கு வேலை தரும் மேஸ்திரி முருகையன்களுக்கும், பெயர் எதுவானாலும் அந்த வேலையைச் செய்கிறவர்கள் எல்லோருக்கும், ஒரு கும்பிடு. சனிக்கிழமைச் சம்பளத்தை அவர் கையில் தராமல் அவர் மனைவியின் வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். வேலை முடிந்து பங்கு போட்டுக் குடிக்கும் கூட்டத்தில் அவரைச் சேர்க்காமல் சீக்கிரமே பஸ் ஏற்றிவிடுகிறார்கள். மாதாமாதம் ஓ.பி.க்கு அரை நாள் விடுப்பும் தருகிறார்கள்.

வலி மாத்திரையை ஊசியாகப் போட்டுக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றிக் கைத்தாளில் இரண்டே வரிதான் இருக்கிறது. மையத்தில் இருந்து வந்தவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடும் என்பது ஒன்று. தானாகச் சிகிச்சைக்கு வருபவருக்கு, சிறிய அளவு வைத்திருந்த குற்றத்தில், 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது என்பது மற்றொன்று. இதை விரிவாக எழுதித் தர ஒரு மனநல மருத்துவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்கு முன்கூட்டியே நன்றி.

எண்கள் மாறும், மையங்கள் மூடும், புதிது திறக்கும். கைத்தாளில் உள்ள எந்த எண்ணாவது எடுக்கவில்லை என்றால், அதை வாங்கிய ஜெராக்ஸ் கடையிலேயே அடித்துக் குறித்துக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரத் தம்பி அடுத்த கட்டு அச்சடிப்பதற்கு முன் எங்களிடம் சேர்த்துவிடுவார்.

இப்படிக்கு,
கைத்தாள் குழுவினர்