ஏசிஆருக்குப் பணம் வாங்கிவிட்டு வேறு சோதனை செய்தது பற்றிப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

என் அப்பாவுக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை நோய். டாக்டர் சீட்டில் 'யூரின் ஏசிஆர்' (சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று அளந்து பார்க்கும் சோதனை) என்று தெளிவாக எழுதியிருக்கிறார். சீட்டை உங்கள் பரிசோதனைக்கூடத்தின் ஆப்பில் ஏற்றித்தான் பதிவு செய்தேன். பில்லிலும் ஏசிஆர் என்றே இருக்கிறது. ரிப்போர்ட்டில் மட்டும் அதைக் காணோம். 'யூரின் புரோட்டீன்: நில்', அதாவது சிறுநீரில் புரதம் இல்லை என்று ஒரு வரி. சோதனைப் பட்டையைச் சிறுநீரில் முக்கி நிறம் பார்த்ததோடு சரி.

போனில் கேட்டால், "ரெண்டும் புரோட்டீன் டெஸ்ட்தான் சார்" என்கிறார் உங்கள் ஊழியர். பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவர் சொல்லும் பதிலா இது? ஏசிஆரில் அல்புமினை, சிறுநீரில் வெளியேறும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளோடு ஒப்பிட்டுக் கணக்கிடுகிறார்கள். தண்ணீர் அதிகம் குடித்துச் சிறுநீர் நீர்த்துப்போனாலும் கணக்கு அவ்வளவாகப் பிசகாது. பட்டைக்கு அந்த வசதி இல்லை. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். 30 முதல் 300 வரையிலான கசிவைப் பட்டை பல நேரம் தவறவிட்டுவிடும். சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தில் கோளாறு பெரும்பாலும் முதலில் தெரிவது அந்தக் கசிவில்தான். ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் சிறுநீரகம் பாதி வேலையை இழந்திருக்கலாம்.

'நில்' என்று பார்த்ததும் அப்பாவுக்கு ஒரே தெம்பு. ஊறுகாய் பாட்டில் மறுபடி சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. டாக்டர்தான் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "நான் கேட்டது எங்கே?" என்றார். வேறு இடத்தில், காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொடுத்துப் பார்த்ததில் ஏசிஆர் 142. (உங்கள் ஆள் வந்து மாதிரி வாங்கியது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.) காய்ச்சல், சிறுநீர்த் தொற்று இருந்தாலும் இந்த எண் ஏறும், மூன்று மாதத்துக்குள் மறுபடி பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். நோய்க்கு நீங்கள் பொறுப்பு என்று நான் சொல்லவில்லை. செய்யாத சோதனைக்குக் காசு வாங்கியிருக்கிறீர்கள். அதற்குத்தான் பதில் கேட்கிறேன்.

ஏசிஆர் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். சோதனை எந்த இடத்தில் மாறியது என்று எழுத்தில் விளக்கம் வேண்டும். இதேபோல ஏசிஆருக்குப் பணம் கட்டி 'நில்' வாங்கிப்போன மற்றவர்களையும் நீங்களே அழைத்துச் சொல்ல வேண்டும். பணத்தைவிட எனக்கு இதுதான் முக்கியம். 15 நாட்களில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: டாக்டர் சீட்டு, பில், இரண்டு ரிப்போர்ட்டுகளின் நகல்கள்