2024–25ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை: மின்சாரமும் வெந்நீரும் தரும் சூரியத் தகடுகள்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் குடியிருப்பு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பதால், சென்ற பொதுக்குழு நம்மிடம் ஒப்படைத்த ஒரே வினாவுக்கு இவ்வறிக்கையை ஒதுக்குகிறேன்: கோவை நகரில் உள்ள நமது அடுக்ககத்தின் மொட்டை மாடியில், மின்சாரத்தையும் வெந்நீரையும் சேர்த்துத் தரும் இரட்டைப் பயன் தகடுகளைப் பொருத்தலாமா?

சாதாரண சோலார் பேனல் தன்மேல் விழும் வெயிலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே மின்சாரமாக்குகிறது. மீதியில் பெரும்பகுதி வெப்பமாகிப் பேனலையே சுடவைக்கிறது. பேனலின் திறன் 25 டிகிரியில் அளக்கப்படுவது. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு உற்பத்தி குறைவதால், நண்பகலில் 60 டிகிரியைத் தொடும் பேனல் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இழந்துவிடுகிறது. பேனலின் பின்புறம் குழாய்களை ஒட்டி நீரை ஓடவிட்டு அவ்வெப்பத்தை எடுத்துக்கொள்வதே இரட்டைப் பயன் தகட்டின் வேலை. 1970களிலிருந்தே ஆராயப்பட்டு வரும் இம்முறை புதியதன்று.

ஓடும் நீர் பேனலைக் குளிர்வித்து மின்சாரத்தையும் கூட்டும் என்று விற்பனையாளர்கள் சொல்வதில் பாதி உண்மை. காலையில் தொட்டி நீர் குளிர்ந்திருக்கும்வரை பேனலும் குளிர்கிறது, மின்சாரமும் கூடுகிறது. ஆனால் அதே நீர் சுற்றிச் சுற்றி 45 டிகிரியை நெருங்கியபின் அது பேனலைக் குளிர்விப்பது சொற்பமே. நமக்கு நீர் சுடவேண்டும், பேனலுக்கோ அது குளிர்ந்திருக்கவேண்டும். இந்த இழுபறியை எந்த வடிவமைப்பும் முழுதாகத் தீர்ப்பதில்லை. பேனலுக்கு மேல் இன்னொரு கண்ணாடி மூடிய வகையில் நீர் நன்கு சுடும் என்றாலும், அக்கண்ணாடி ஒளியில் ஒரு பகுதியைத் தடுத்துவிடும். அதைவிடக் கவலைக்குரியது மே மாதம். விடுமுறைக்குப் பலரும் ஊருக்குப் போய்விட, வெந்நீரை எடுப்பவரின்றி ஓட்டம் நின்றால், மூடிய தகட்டின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டக்கூடும்; பேனலுக்குள் மின்சாரம் தரும் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பிசின் படலம் நாளடைவில் பழுத்து உரியும். ஆகவே மூடிய வகையைச் செயற்குழு ஏற்கவில்லை.

குழாய் அடைப்பும் கருதவேண்டியது. உப்பு குறைந்த சிறுவாணி நீர் என்றால் அச்சமில்லை; நம் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறுவதோ பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீர். அதன் உப்பு மெல்லிய குழாய்களில் படியாதிருக்க, தகடுகளில் தனி நீரைச் சுற்றவிட்டு வெப்பத்தை மட்டும் தொட்டிக்கு மாற்றும் அமைப்பு தேவை. அதனால் செலவு கூடும்.

பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. அது மின்சாரத்துக்கு மட்டுமே. உள்நாட்டுச் செல்களால் செய்த பேனல்களாகவும் இருக்கவேண்டும். வெந்நீருக்காகக் கூடுதலாகச் செலவிடும் தொகைக்கு இதில் இடமில்லை.

நம் மொட்டை மாடியில் இடம் குறைவு, ஒரே இடத்தில் இரண்டும் கிடைக்கும் என்பதே இவ்வளவுக்குப் பிறகும் இரட்டைத் தகட்டின் பக்கம் நிற்கும் ஒரே வாதம். அது வலுவான வாதமும்கூட. எனவே லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்குகளுக்கான மின்சாரத்தைச் சாதாரண பேனல்களால் பெறுவது என்றும், தெற்குப் பகுதியில் மட்டும் கண்ணாடி மூடாத இரட்டைத் தகடுகள் சிலவற்றை அமைத்து, அவை தரும் வெதுவெதுப்பான நீரை இப்போதுள்ள சோலார் வாட்டர் ஹீட்டருக்குள் செலுத்துவது என்றும் செயற்குழு பரிந்துரைக்கிறது. பின்புறக் குழாய்களுக்கும் பேனலுக்கும் ஒரே நிறுவனம் எழுத்தில் உத்தரவாதம் தந்தால் மட்டுமே ஒப்பந்தம் செய்யப்படும். இத்தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்